ராஜாஜியைக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் பெருமையாக நினைக்கிறார்களா, குலக்கல்விக்காரர் என்றுதான் பார்க்கிறார்களா?

நீங்கள் குரூப் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். அதற்கு வேண்டியது இவ்வளவுதான்: 1878-இல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வக்கீல். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமர், 1948-இல் கவர்னர் ஜெனரல், 1952-இல் முதலமைச்சர், 1959-இல் சுதந்திராக் கட்சி. 1972-இல் மறைந்தார்.

மற்றபடி மாவட்டத்துக்கே சேர்த்துப் பதில் சொல்ல நான் யார்? எங்கள் வீட்டுக்குள்ளேயே இது தீராத வழக்கு.

ஆயாவுக்கு அவர் சாமி. "அய்யங்காரு கடைய மூடலைன்னா எங்கம்மா எங்களையும் இழுத்துக்கிட்டுக் கெணத்துல விழுந்திருப்பா" என்பார். 1937 அக்டோபரில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது சேலம் ஜில்லாவில். தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது அந்த ஜில்லாதான். ஆயாவின் அப்பா சந்தைக்குப் போனால் காசு வீடு திரும்பாதாம். கடை மூடியபிறகு திரும்பியது. கள்ளச்சாராயம் ஓடவில்லையா என்று கமெண்டில் வருவீர்கள். ஓடியிருக்கும். கள் இறக்கிப் பிழைத்தவர்கள் வயிற்றில் மண் விழுந்ததும் நிஜம். நான் ஆயா சொன்னதைச் சொல்கிறேன். மதுவிலக்கால் அரசு இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டு வியாபாரிகளிடமும் வசவு வாங்கினார் மனுஷர். இன்றைக்கு எந்தக் கட்சிக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறது? (நான் எந்தக் கட்சியும் இல்லை. கொடி பிடிக்க வேறு ஆளைப் பாருங்கள்.)

அப்பா கதை வேறு. 1953-இல் குலக்கல்வி என்று பேர் வாங்கிய அந்தத் திட்டம் வந்தபோது கிராமத்துப் பள்ளியில் சின்னப் பையன். மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். வாத்தியாரும் கட்டடமும் பத்தாத காலம், ஷிப்ட் போட்டால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது ராஜாஜி கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கட்டும். அது ஏன் கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும்? டவுன் பள்ளிகளில் அதை வைக்கவில்லையே. எங்கள் தாத்தாவுக்குத் தெரிந்த தொழில் ஆடு மேய்ப்பது. அப்பாவும் மத்தியானம் ஆட்டோடு போனார். அதுவும் தேர்தலில் நிற்காமல் மேலவை வழியாக வந்து முதலமைச்சரானவர், சட்டசபையைக்கூடக் கேட்காமல் கொண்டுவந்த திட்டம். 1954-இல் அவர் விலகி, காமராஜர் வந்து அதைத் தூக்கிப் போட்டபிறகுதான் அப்பா முழுநாள் படித்தார். வாத்தியாராகி ரிட்டையரும் ஆனார்.

நான் காலேஜ் படிக்கும்போது இரண்டு பேரையும் தொரப்பள்ளி நினைவு இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். ஆயா வாசப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். அப்பா தெருவிலேயே நின்றுவிட்டார். "வாங்கப்பா" என்றதற்கு, "மூணு மணி நேரம் போதும்னு அவரு நெனச்ச புள்ளடா நானு. நீங்க பாத்துட்டு வாங்க" என்றார். ஆயா வெளியே வந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டார். "உங்க தாத்தன் குடிச்சே அழிஞ்சிருந்தா நீ ஏதுடா, உன் பள்ளிக்கூடம் ஏது?" ஓசூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சண்டை.

என்னைக் கேட்டால் இரண்டு பேர் பக்கமும் நியாயம். "வழவழா கொழகொழா" என்று திட்டுவீர்கள், திட்டுங்கள். ஜாதியை இழுத்து எழுதினால் மட்டும் பதில் போட மாட்டேன்.

தொரப்பள்ளி பார்க்கக் கிளம்பினால் ஓசூருக்கு ரயிலில் வந்துவிடுங்கள். கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னும் ரயில் கிடையாது, மாவட்டத் தலைநகரமாம்! ராத்திரி பஸ்ஸில் ஏறினால் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிடுவான். தொரப்பள்ளி போய்த் திரும்பிய அன்றைக்கும் எண்பது வயசை நெருங்கிய ஆயாவை இருட்டில் மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போனான் ஒரு கண்டக்டர். கேட்டால் "ஸ்டாண்டுக்குள்ள போகாதுங்க, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டிருக்கணும்" என்கிறான்.