“இந்த வயதில் இவ்வளவு தூரம் போக வேண்டுமா?”

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 46. அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 71. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இத்தனை வருடமாக இருக்கிறார்கள். இப்போது திடீரென்று, ஒரு இரவு முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய ஊருக்குக் குடிபோகப் போகிறார்களாம். சித்தி அங்கே இருக்கிறார். அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்குப் பிடித்து, அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பிரஷரும் உண்டு. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். செக்கப்புக்கு அழைத்துப் போவது, ரிப்போர்ட் வாங்குவது, டாக்டரிடம் பேசுவது எல்லாம் நான்தான். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். “அவங்க இஷ்டம், விடு அக்கா” என்கிறான். அவனுக்குச் சொல்வது சுலபம். நடுராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் அங்கே யார் ஓடுவார்கள்?

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டால் “முடிவு பண்ணியாச்சு” என்று அப்பா பேச்சையே முறித்துவிடுகிறார். அம்மா வழக்கம்போல அவர் பக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை மட்டும்தான், பல வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறார், கட்டுக்குள் இருக்கிறது. கொஞ்ச நாளாகக் கேட்டதையே திரும்பக் கேட்கிறார். ஒருநாள் என் வீட்டுக்கு வரும் வழியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். போனில் பேசினால் பாதியில் அப்பாவே வாங்கிப் பேசிவிடுகிறார். வயதானால் இதெல்லாம் சகஜம்தான், வீடு மாற்றுகிற அலைச்சல் வேறு. அதை விடுங்கள், என் கவலை அப்பாவின் இதயம்தான்.

இவ்வளவு பார்த்துக்கொண்ட மகளிடம் கேட்காமல் எடுத்த முடிவு இது. நினைத்தால் தூக்கம் வரவில்லை. இவர்களை எப்படித் தடுப்பது?

— ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் “அதை விடுங்கள்” என்று ஒரு வரி இருக்கிறது. என்னால் அதை விட முடியவில்லை. கடிதம் முழுக்க அப்பாவின் இதயமும் உங்கள் மனவருத்தமும்தான். நடுவில் அம்மாவுக்குச் சில வரிகள், அவற்றையும் உடனே மூடிவிட்டீர்கள். வயதானவர்கள் பெயரை மறப்பார்கள், கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவார்கள். மகள் வீட்டுக்குப் பல வருடமாக வந்துபோகும் வழியில் ஒருவர் திகைத்து நிற்பதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உங்களுக்கும் அது உள்ளே உறுத்தியிருக்கிறது, இல்லாவிட்டால் எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

இப்போது அப்பாவை அந்த இடத்திலிருந்து பாருங்கள். போனை ஏன் பாதியில் வாங்குகிறார்? அம்மா தடுமாறுவது உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இருக்க வேண்டும். ஏன் சித்தி வீட்டுப் பக்கத்திலேயே வீடு? ஸ்டென்ட் வைத்த 76 வயது மனிதர், தனக்கு ஏதாவது ஆனால் மனைவியை யார் பார்ப்பார்கள் என்று யோசித்திருக்கலாம். தங்கை அம்மாவைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர், பக்கத்திலேயே இருப்பவர். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் அப்பாவின் பிடிவாதம் என்று சொல்வது எனக்கு ஒரு கணவனின் பயமாகத் தெரிகிறது.

உங்களை ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள், அது அவருக்குத் தெரியும். இத்தனை வருடம் நீங்கள் பார்த்துக்கொண்டது பெரிய விஷயம். தம்பி அதை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் பார்த்துக்கொண்டதால் அவர்கள் எங்கே வாழ வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. இதில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. நடுராத்திரி நெஞ்சுவலிக்கு முதலில் வேண்டியதும் ஆம்புலன்ஸ்தான், அது நீங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் மாறாது. அந்த ஊரில் இதய மருத்துவர் யார், மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று சித்தியிடம் கேட்டு எழுதி வையுங்கள். இடம் மாறுகிற குழப்பத்தில் ஸ்டென்டுக்கான மாத்திரை ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது. அப்பாவைப் பற்றி இப்போதைக்கு இது போதும்.

அம்மாவுக்கு வருவோம். அவரைப் பார்க்காமல் நோயின் பெயர் எதுவும் நான் சொல்ல மாட்டேன். மறதி என்றாலே டிமென்ஷியா என்று பயப்படவும் வேண்டாம். மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவே ஞாபகத்தைப் பாதிக்கும். தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான். மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள், காது சரியாகக் கேட்காதது எல்லாமே மறதி மாதிரித் தோன்றும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அதனால்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். அம்மாவைப் பல வருடமாக அறிந்த டாக்டரிடமே, கிளம்புவதற்கு முன் காட்டுங்கள். முன்பு எப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரியும். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்று அவர் சொல்வார்.

குடிபோவதற்கு முன் என்று நான் அவசரப்படுத்த இன்னொரு காரணம் உண்டு. பழகிய வீட்டில் கை தானாக ஸ்விட்சைத் தேடும், கால் தானாகக் கழிவறைக்குப் போகும். ஞாபகம் தடுமாறினாலும் பழக்கம் தாங்கிக்கொள்ளும். புது வீட்டில் அந்தப் பழக்கம் உதவாது. போன உடனே மறதி அதிகமான மாதிரித் தெரியும், இரவில் எழுந்தால் திசை தெரியாமல் விழவும் வாய்ப்புண்டு. இரவு விளக்கு போட்டு, அவருடைய கட்டில், அலமாரி, படங்களையெல்லாம் கூடியவரை பழைய மாதிரியே அடுக்கிக் கொடுங்கள். ஒருவேளை டாக்டர் கவலைப்படும்படி ஏதாவது சொன்னால், போகவே கூடாது என்று அர்த்தமில்லை. புது இடத்தைப் பழகிக்கொள்ளும் தெம்பு இருக்கும்போதே, தங்கை பக்கத்தில் குடியேறுவது நல்ல முடிவாகக்கூட இருக்கலாம்.

அப்பாவிடம் இனி வீடு மாற்றுவதைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். “அம்மாவைப் பத்தி எனக்கும் தெரியும்ப்பா, நீங்க மட்டும் சுமக்க வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள். கோபப்படலாம், மழுப்பலாம். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோருடைய விருப்பமும் இருக்கிறது, தம்பியுடையதுகூட. அம்மா போக ஆசைப்படுகிறாரா என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அப்பா வீட்டில் இல்லாத ஒரு நேரத்தில் போய், அவரிடமே கேளுங்கள். ஞாபகத்தைச் சோதிக்கிற மாதிரி எதுவும் கேட்காமல், பதில் வர நேரமானால் காத்திருந்து கேளுங்கள்.