மலிவு கண்டென்சர் மைக்கில் எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்? (கேள்வி-பதில்)

கேள்வி: விலை குறைந்த பெரிய டயாஃப்ரம் கண்டென்சர் மைக் வைத்திருக்கிறேன். பாடினால் 'ஸ', 'ச' எல்லாம் காதைக் குத்துகின்றன. கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் மாற்றும் பாகத் தொகுப்பு ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. வாங்கிப் போட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. குத்தலின் ஊற்று கெப்பாசிட்டர் அல்ல, காப்ஸ்யூல் (டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வோடு ஒலியைப் பிடிக்கும் பகுதி). இந்த விலை மைக்குகள் பலவற்றில் இருப்பது நியூமன் என்ற மைக் நிறுவனத்தின் கே 67 காப்ஸ்யூலைப் பார்த்துச் செய்த நகல். அது இயல்பிலேயே 10 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி நன்றாக மேலே எழும்பும். 1960-இல் வந்த யு 67, 1967-இல் வந்த யு 87 ஆகிய நியூமன் மைக்குகள் இரண்டிலும் அந்த எழுச்சியை அமுக்கும் ஃபீட்பேக் பகுதி சர்க்யூட்டிலேயே உண்டு. மலிவு மைக்குகளில் காப்ஸ்யூலின் நகல் மட்டும் இருக்கும். பின்னால் ஷோப்ஸ் என்ற இன்னொரு மைக் நிறுவனத்தின் பாணியிலான எளிய சர்க்யூட். அமுக்க வேண்டிய பகுதி அதில் கிடையாது.

செலவில்லாத சோதனை ஒன்று செய்யுங்கள். பதிவு செய்த குரலில் 8 முதல் 12 கிலோ ஹெர்ட்ஸ் வரை அகலமாக 3 முதல் 5 டெசிபெல் குறைத்துக் கேளுங்கள். குத்தல் போய்விட்டால் மைக்கைத் திறக்கவே தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஈக்வலைசர் போட அலுப்பாக இருந்தால் கே 47 வகைக் காப்ஸ்யூல் வாங்குங்கள். அதன் மேல்பகுதி எழுச்சி மிதமானது. அது உங்கள் மைக்கின் வலைக்கூண்டுக்குள் அடங்குமா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்: இவை ஏறத்தாழ 34 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை, தாங்கும் பிடியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கெப்பாசிட்டர் மாற்றுவதெல்லாம் வீண்தானா?

எல்லாம் வீண் அல்ல. இடம் பார்த்து மாற்ற வேண்டும். காப்ஸ்யூலுக்கும் ஜே-ஃபெட்டின் (காப்ஸ்யூலின் மெல்லிய சிக்னலை முதலில் வாங்கும் டிரான்சிஸ்டர்) கேட் என்ற உள்ளீட்டு முனைக்கும் நடுவே, சில நூறு முதல் 1000 பிகோ ஃபாரட் வரை மதிப்புள்ள சிறு கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அது எக்ஸ் 7 ஆர் போன்ற செராமிக் வகையாக இருந்தால் முதலில் அதைத்தான் கழற்ற வேண்டும். அந்த வகை செராமிக் அதிர்வை மின்சாரமாக மாற்றும். வோல்டேஜுக்கு ஏற்பத் தன் மதிப்பையும் மாற்றிக்கொள்ளும். மைக் உடலைத் தட்டினால் கணீரென்று கேட்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம். அதே மதிப்பில் பாலிஸ்டைரீன், பாலிபுரொப்பிலீன், அல்லது என்.பி.ஓ செராமிக் போடுங்கள். தாங்கும் வோல்டேஜ் 100 அல்லது அதற்கு மேல். பாலிஸ்டைரீன் சூட்டுக்கு எளிதில் இளகும். கம்பியைச் சாமணத்தால் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நொடிக்குள் சால்டர் முடிந்துவிட வேண்டும்.

அடுத்தது, ஜே-ஃபெட்டிலிருந்து வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுக்குப் போகும் இரண்டு கெப்பாசிட்டர்கள். அவையும் செராமிக்காக இருந்தால் ஃபிலிம் வகைக்கு மாற்றலாம். மதிப்பைக் கூட்டத் தேவையில்லை: 0.1 மைக்ரோ ஃபாரட்டும் 100 கிலோ ஓமும் சேர்ந்தாலே தாழ்ந்த ஒலி 16 ஹெர்ட்ஸ் வரை கடந்து போகும். ஃபிலிம் கெப்பாசிட்டர் உருவத்தில் பெரியது. போர்டில் பொருந்திய பிறகு மைக்கின் உடல் குழாய் மூடுகிறதா என்பதுதான் பலரும் கடைசியில் யோசிப்பது!

காப்ஸ்யூலை ஒட்டிய ரெசிஸ்டர்களையும் பாருங்கள். அங்கே 100 மெகா ஓம் இருந்தால் 1 ஜிகா ஓமாக்குவது பயன் தரும். ரெசிஸ்டர் பெரிதானால் இரைச்சலும் கூடும் என்றுதான் தோன்றும், இங்கே நேர்மாறு. ரெசிஸ்டரின் இரைச்சலைக் காப்ஸ்யூலின் கெப்பாசிட்டன்ஸே வடிகட்டுகிறது. மதிப்பு உயர உயர அந்த இரைச்சல் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண்ணுக்குள் ஒதுங்கிவிடும். 60 பிகோ ஃபாரட் காப்ஸ்யூலுக்கு 100 மெகா ஓமில் அந்த வடிகட்டல் தொடங்கும் எல்லை 26 ஹெர்ட்ஸ். 1 ஜிகா ஓமில் 3-க்கும் கீழே.

பவர் பகுதியில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக்கை 'ஆடியோ கிரேடு' என்று அச்சிட்டதாக மாற்றுவதில் காதுக்கு எதுவும் கிடைக்காது. உப்பியிருந்தால் மாற்றுங்கள், 63 வோல்ட் வகையாக, முனை பார்த்து.

கேள்வி: ஜே-ஃபெட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். 2 எஸ்.கே. 170 வாங்கலாமா?

அதன் அசல் தயாரிப்பு நின்றுபோனது. சந்தையில் போலி மிகுதி. வேறு ஜே-ஃபெட்டின் மேல் புது எண் அச்சிட்டு விற்கிறார்கள். அசலே கிடைத்தாலும் செருகினால் போதும் என்றில்லை. 2 என் 3819 என்ற ஒரே எண்ணுக்குள்ளேயே மின்னோட்ட அளவு 2 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மாறும். ஆகவே பயாஸ் ரெசிஸ்டரை (ஜே-ஃபெட் வேலை செய்யும் நிலையை அமைப்பது) அந்தந்தத் துண்டுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் உரத்த ஒலியில் அலையின் ஒரு பக்கம் முன்கூட்டியே வெட்டுப்படும். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள், இரைச்சல் குறை எதுவும் இல்லாதவரை, பழையதையே விட்டுவைப்பது நல்லது.

கேள்வி: பி.எம். 800 வகை மைக்கில் 34 மில்லிமீட்டர் காப்ஸ்யூல் பொருத்தினேன். சத்தம் ஏறக்குறைய வரவே இல்லை. காப்ஸ்யூல் பழுதா?

காப்ஸ்யூல் நன்றாகவே இருக்கலாம். அந்த வகை மைக்குகள் பலவற்றில் முதலில் இருப்பது எலக்ட்ரெட் காப்ஸ்யூல். மின்னூட்டம் அதற்குள்ளேயே நிலையாக ஏற்றப்பட்டிருப்பதால், போர்டு தனியாக வோல்டேஜ் கொடுப்பதில்லை. நீங்கள் பொருத்திய உண்மைக் கண்டென்சர் காப்ஸ்யூலுக்கோ ஏறத்தாழ 40 முதல் 60 வோல்ட் வேண்டும். அது வராவிட்டால் முனகல்தான் கேட்கும். வழி இரண்டு: போர்டையும் சேர்த்து மாற்றுங்கள், அல்லது 25 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கும் நல்ல எலக்ட்ரெட் காப்ஸ்யூலைப் போடுங்கள். இரண்டாவதில் ஒரு கவனம்: சில எலக்ட்ரெட்டுகளுக்குள் ஜே-ஃபெட் சேர்ந்தே வரும். உங்கள் போர்டிலும் ஒன்று இருந்தால், ஜே-ஃபெட் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மாற்றி முடித்தபின் 'படபட' என்ற சத்தமும் 'ம்ம்ம்' என்ற ஹம்மும் வருகின்றன. எங்கே தவறு?

இவை இரண்டும் வேறு வேறு நோய். படபடப்பு, குறிப்பாக ஈரப்பதமான நாளில் கூடுமானால், கசிவு. ஜிகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் விரல் ரேகையும், சால்டர் செய்யும்போது படியும் ஃபிளக்ஸ் கறையுமே அதற்கு இணையான இன்னொரு ரெசிஸ்டராகிவிடும். காப்ஸ்யூலைக் கழற்றி வைத்துவிட்டு, போர்டின் அந்தப் பகுதியை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தூரிகையால் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். அதன்பின் அங்கே விரல் படக்கூடாது.

ஹம் பற்றிப் பயப்படும் முன் ஒன்று: மைக் திறந்திருந்தால் ஹம் வரத்தான் செய்யும், குழாயும் கூண்டும்தான் அதன் கவசம். மூடியபின்னும் வந்தால், கூண்டு உடலோடு சேரும் இடத்தில் பெயின்ட் தடுக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். கேபிள் செருகும் எக்ஸ்.எல்.ஆர். இணைப்பின் ஒன்றாம் பின்னிலிருந்து கூண்டுவரை ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த விளிம்பை மட்டும் உப்புத்தாளால் சுரண்டுங்கள்.

கேள்வி: சால்டர் செய்யத் தெரியாது. வேறு ஏதாவது செய்ய முடியுமா?

கூண்டைப் பாருங்கள். வெளியே தடித்த வலை, உள்ளே நெருக்கமான ஒன்றோ இரண்டோ இருக்கும். உள்வலைகள் ஒலியைத் திருப்பி அடித்துக் குரலை டப்பாவுக்குள் இருப்பதுபோல் ஆக்கும். நுண்வலையை எடுத்துவிட்டால் அது குறையும். பதிலுக்கு 'ப' காற்று கூடும். பாப் ஃபில்டர் கட்டாயமாகிவிடும். வெளிவலையைத் தொடாதீர்கள்.

எதைச் செய்தாலும் கேபிளைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துத் திறங்கள். வால்வு (வெற்றிடக் குழாய்) மைக்கின் பவர் பெட்டிக்குள் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதை அனுபவமில்லாதவர் திறக்கவே கூடாது. வயர்களைக் கழற்றும் முன் படம் எடுங்கள். காப்ஸ்யூலைச் சுத்தமான உறையால் மூடிவைத்து வேலை செய்யுங்கள்: சில மைக்ரான் தடிமன் உள்ள டயாஃப்ரத்தில் திருப்புளி நுனி ஒருமுறை வழுக்கினால் காப்ஸ்யூல் குப்பைக்குத்தான். மாற்றும் முன்னும் பின்னும் ஒரே பாட்டை 15 சென்டிமீட்டர் தொலைவில் பதிவு செய்து, ஒலியளவைச் சமமாக்கிக் கேளுங்கள். ஒரு டெசிபெல் உரத்தது எப்போதும் 'நல்லதாக'த்தான் தோன்றும்.

கேள்வி: இவ்வளவுக்குப் பதில் நல்ல மைக் ஒன்றையே வாங்கிவிடலாமா?

காப்ஸ்யூல், போர்டு இரண்டும் மாற்ற வேண்டிய நிலை என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகைக்கு அடுத்த படி மைக் கிடைத்தால் அதையே எடுங்கள். உத்தரவாதமும் மறுவிற்பனை மதிப்பும் இருக்கும், மாற்றிய மைக்கில் இரண்டும் போய்விடும். மாற்றுவதற்கென்றே வாங்குவதானால், கனமான உலோக உடல், 34 மில்லிமீட்டர் காப்ஸ்யூலுக்கு இடம், துளையில் செருகும் பாகங்கள் கொண்ட போர்டு, இந்த மூன்றும் உள்ளதைத் தேடுங்கள். மேற்பரப்பில் ஒட்டிய நுண்பாகப் போர்டில் கை வைப்பது கடினம்.