பைபாஸுக்கு முன் மூன்று பந்துக் கருவி போதுமா?
அப்பாவுக்கு 3 வாரத்தில் பைபாஸ், மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்துக் கருவி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவர் அதை ஊதுகிறாரா, உறிஞ்சுகிறாரா என்று பாருங்கள். பலரும் பலூன் மாதிரி ஊதிக்கொண்டிருப்பார்கள். உறிஞ்ச வேண்டும்.

அது நுரையீரலை விரிக்கத்தான். மூச்சை இழுக்கும் தசை பலப்பட எதிர்ப்பு வேண்டும். அதற்கு ஸ்பிரிங் வால்வு வைத்த தனிக் கருவி உண்டு, பலமாக இழுத்தால்தான் காற்று வரும். நெதர்லாந்தில், நுரையீரல் சிக்கலுக்கு வாய்ப்பு அதிகமுள்ள 279 பைபாஸ் நோயாளிகளிடம் இந்தப் பயிற்சியைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். தினம் 20 நிமிடம், குறைந்தது 2 வாரம். தொடக்கத்தில் எதிர்ப்பு, அவரவர் முழு உறிஞ்சு பலத்தில் 30 சதவீதம். நிமோனியா வந்தது பயிற்சி எடுத்தவர்களில் 6.5 சதவீதம், எடுக்காதவர்களில் 16.1. உங்களுக்கு 3 வாரம் இருக்கிறதே, தாராளம்.

வென்டிலேட்டரில் இருக்கும்போது உதரவிதானம் (மூச்சை இழுக்கும் முக்கியத் தசை) சும்மா கிடந்து மெலியும் என்ற உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் பைபாஸில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் குழாயை எடுத்துவிடுவார்கள்.

ஒன்று மட்டும்: ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறதென்றால் இதய டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். சரி என்றால், எதிர்ப்பின் அளவை பிசியோதெரபிஸ்ட் வைத்துக் கொடுக்கட்டும். பயிற்சியில் தலை சுற்றினால் நிறுத்திவிட்டு உட்காரச் சொல்லுங்கள். அப்புறம், பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்தம்.