சாப்பிட்டு முடித்ததுமே "ஏன்தான் சாப்பிட்டோமோ" என்று ஆகிவிடுகிறது. இதிலிருந்து வெளியே வருவது எப்படி?

இதற்கு யாரைக் கேட்டாலும் "வாயைக் கட்டணும்" என்பார்கள். இரண்டு வருஷம் கட்டிப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நீங்களும் பகலில் ஒழுங்காக இருந்துவிட்டு ராத்திரியில் கோட்டை விடுகிற ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடம் கலோரி கணக்குப் போடும் ஆப் இருந்தது, கிராம் தராசு இருந்தது. ஒரு ஸ்பூன் எண்ணெய்க்குக்கூட வரவு வைப்பேன். நாள் முழுக்க 1,200 கலோரிக்குள் நிறுத்திவிட்டு, ராத்திரி படுக்கையில் சமையல் வீடியோ பார்ப்பேன். சமைக்கப்போவதில்லை, சும்மா பார்ப்பதுதான். அப்புறம் எழுந்துபோய், லைட் போடாமல் ஃபிரிட்ஜைத் திறந்து, நின்றபடியே டப்பாவிலிருந்து அள்ளித் தின்பேன். கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தால் பீப் பீப் என்று கத்தும். வீட்டில் யாராவது விழித்துவிடப் போகிறார்களே என்று மூடுவேன், வாயில் இருப்பதை விழுங்குவேன், மறுபடி திறப்பேன். என்ன தின்றேன், எப்படி இருந்தது, ஒன்றும் நினைவில்லை. அந்தச் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

பிறகுதான் அமெரிக்காவில் நடந்த மின்னசோட்டா பட்டினிப் பரிசோதனை பற்றிப் படித்தேன். போரில் பட்டினி கிடந்தவர்களைத் தேற்றுவது எப்படி என்று அறிய, 1944-45-இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களைச் சேர்த்தார். எல்லோரும் திடகாத்திரமானவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். 24 வாரம் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். அவர்களுக்குப் பேச்சு, நினைப்பு எல்லாம் சாப்பாடாகிப் போனது. சிலர் சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றும் அடங்கவில்லை. என் வீடியோக்கள்தான் கண்முன் வந்தன. எனக்கு இருந்தது திமிரோ பேராசையோ இல்லை, பசி!

காலையிலும் மதியமும் வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தேன். ராத்திரிக்கு ஒரே விதி: என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஆனால் லைட் போட்டு, தட்டில் வைத்து, உட்கார்ந்து. முதல் நாள் தட்டோடு உட்கார்ந்தபோது திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி கூச்சமாக இருந்தது. பாதியில் போதும் என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதே எனக்குப் புதுசு. இன்றைக்கும் கையில் போன் இருந்தால் தட்டு காலியாவது தெரிவதில்லை, போன வாரம்கூட அப்படித்தான்.

உடனே "சர்க்கரை நோயாளிக்கு இதைச் சொல்வாயா" என்று வராதீர்கள். சொல்ல மாட்டேன், அவர்கள் டாக்டர் சொல்படிதான் நடக்க வேண்டும். சாப்பிட்டதை வலிய வாந்தி எடுக்கிற அளவுக்குப் போயிருந்தால் நீங்களும் மனநல மருத்துவரைப் பாருங்கள், என் பதிலை நம்பி உட்காராதீர்கள்.

அந்த ஆப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சந்தாவை ரத்து செய்த பிறகும் மூன்று மாதம் பணம் பிடித்தார்கள். மெயில் போட்டால், "உங்கள் இலக்கை நெருங்கிவிட்டீர்கள், விட்டுவிடாதீர்கள்" என்று தானியங்கிப் பதில். கடைசியில் கார்டையே முடக்கினேன். பிடித்த பணம் இன்னும் திரும்பவில்லை.