பாதி அறுக்கும்போதே மரம் பிளக்கிறது: பெரிய ரம்பம் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வரப்பில் நிற்கும் தைலமரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறோம். எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்தவை. மூன்றாவது மரத்தில் பின்பக்கம் பாதி அறுத்திருப்போம். வெடிச் சத்தத்தோடு அடிமரம் நெடுகப் பிளந்து, பின்பாதி ஆள் உயரத்துக்கு மேல் எகிறியது. அறுத்தவர் ஓரமாக நின்றதால் தப்பினார். மரத்துக்கு ஏதேனும் நோயா? பெரிய மெஷின் ரம்பமாக இருந்தால் பிளப்பதற்குள் அறுத்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? பிளந்த கட்டை விலை போகுமா? மரம் இன்னும் அப்படியே தொங்குகிறது. ஆடுகள் அதன் நிழலில்தான் படுக்கின்றன.

பதில்: போகிற போக்கில் எழுதிய கடைசி வரிக்குத்தான் முதல் பதில். ஆடுகளை உடனே அங்கிருந்து ஓட்டுங்கள். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆள் நடமாட்டமே கூடாது. மீதியையும் அறுத்துத் தள்ளிவிடலாம் என்று ரம்பத்தோடு அடியில் போய் நிற்காதீர்கள். எந்த நார் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது வெளியே தெரியாது. எட்ட நின்று கம்பிவடத்தால் இழுத்து இறக்கத் தெரிந்தவர்களையும் அதற்கான இயந்திரத்தையும் வரவழையுங்கள்.

நோய் எதுவுமில்லை. சாய்ந்த மரத்தின் முதுகுப் பக்கம் இழுபட்டு விறைத்திருக்கும். தைலமரத்தில் வளரும்போதே உள்ளிறுக்கமும் சேர்ந்துவிடும். அறுத்துப் போட்ட கட்டையின் முனை தானாகவே வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பின்னாலிருந்து பாதி அறுத்ததும் மரம் விழத் தொடங்கிவிட்டது. ஆனால் முன்னால் பருத்த கட்டை அறுபடாமல் நிற்கிறது. அது வளையாது, நாரோடு நாராக மேல்நோக்கிக் கிழிகிறது. தலை முன்னால் கவிழ, கிழிந்த பின்பாதி ஏற்றத்தின் துலாவைப் போல எகிறுகிறது. அறுப்பவர் வழக்கமாக நிற்பதும் அங்கேதான்.

மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கும் பள்ளம்தான் வாய். முன்பக்கம் போட்ட அந்த வாய் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று நீங்கள் எழுதவே இல்லை. பிளந்த மரத்தைப் பற்றிக் கேட்கும் யாரும் அதை எழுதுவதில்லை! குறுகிய வாய், மரம் கொஞ்சம் சாய்ந்ததுமே மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு மரத்துக்குப் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மெதுவாக அறுத்தால் பிளக்க நேரம் கிடைக்கும் என்பது சரி. அதற்காக மரத்தோடு ஓட்டப்பந்தயம் வைக்க முடியுமா? பல் மழுங்கினால் எவ்வளவு பெரிய ரம்பமும் தேய்க்கத்தான் செய்யும். உங்கள் ரம்பம் செதில் செதிலாகத் தள்ளுகிறதா, நைந்த தூளாகக் கொட்டுகிறதா என்று பாருங்கள். தூளாக வந்தால் ஓர் அரம் வாங்குங்கள். அரம் விற்றால் அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது, அதனால் அதைச் சொல்லமாட்டார்.

சாய்ந்த மரத்தை வெளியிலிருந்து உள்ளே அறுக்கவே கூடாது. உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. அடிமரம் 40 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். முன் வாய் 8 முதல் 10 செ.மீ. ஆழம் போதும், 70 பாகைக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். அதன் மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒன்றையொன்று தாண்டாமல் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். அதற்குப் பின்னால் 4 செ.மீ. கனத்துக்குக் கட்டையைக் கீலாக விட்டுவிட்டு, ரம்ப முனையைப் பக்கவாட்டில் உள்ளே செலுத்தி மறுபுறம் எடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி அறுத்துவந்து, முதுகில் 4, 5 செ.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். இப்போது முன்னால் கீல், பின்னால் ஒரு பிடி, நடுவில் ஒன்றுமில்லை. மரம் அப்படியே நிற்கும். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒதுங்கும் வழியை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம். பிறகு பக்கவாட்டில் நின்றபடி, முன்பு அறுத்த மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அந்தப் பிடியை வெளியிலிருந்து அறுங்கள். மரம் உடனே போய்விடும்.

ரம்பத் தகட்டு முனையின் மேற்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்துக்கு எகிறும். முனையின் கீழ்ப்பகுதியால் பள்ளம் எடுத்த பிறகே நேராக உள்ளே செலுத்த வேண்டும். கீழே கிடக்கும் கட்டையில், தெரிந்தவரை அருகில் வைத்துப் பழகுங்கள். அதுவரை நிற்கும் மரத்தில் வேண்டாம். மெலிந்த மரங்களில் இந்த வெட்டுக்கு இடமே போதாது. அவற்றைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள்.

வெட்டுக்கு மேலே அடிமரத்தை இரும்புச் சங்கிலியால் பலமுறை சுற்றி இறுக்குவதும் உதவும், கயிறு உதவாது. சாய்ந்த மரத்தைச் சாயும் பக்கமே டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு அறுப்பவர்களும் இருக்கிறார்கள். மரத்தைப் பிளக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அறுக்கும்போது வெட்டுக்கு மேலே பட்டையில் நெடுக ஒரு கோடு ஓடினால், ரம்பத்தை அங்கேயே விட்டுவிட்டு ஒதுங்குங்கள். நேர் பின்னால் ஓடக் கூடாது. பின்பக்கம் 45 பாகைச் சாய்வில், முன்பே செடிகொடி நீக்கி வைத்த வழியில் போக வேண்டும்.

பிளந்த பகுதி பலகைக்கு ஆகாது. பிளவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதும் இல்லை. மரத்தை இறக்கிய பிறகு, அறுத்த முகத்தில் விரிசல் கோடு மறையும்வரை சிறு துண்டுகளாக மேலே அறுத்துக்கொண்டு போங்கள். நல்ல கட்டை அங்கேதான் தொடங்குகிறது.