கணுக்காலில் கட்டு, கையில் ரசீது: கட்டிய பணம் திரும்புமா?

கேள்வி: ஏற்காட்டில் நடக்கும் 21 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே 1,400 ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்தேன். ஓட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, பயிற்சி முடித்து அடிவாரத்துக்கு இறங்கும் வழியில் கணுக்கால் பிசகிவிட்டது. மூன்று வாரம் ஓடக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைக் கேட்டேன். 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. இது சட்டப்படி செல்லுமா?
- அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: முதலில் கால் சரியாகட்டும். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

முழு 1,400 ரூபாயும் கிடைக்காது. கிடைக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்கள் நடத்திய ஓர் ஓட்டத்தில், முந்தின நாள் சாயங்காலம் நம்பர் அட்டை கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு, வாங்க ஆள் வராத பைகள் மட்டும் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பெயர் அச்சடித்த அட்டை, நேரம் பதியும் சிப், கேட்ட அளவில் வந்த டி-ஷர்ட். பெயர் அச்சடித்த அட்டையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? தண்ணீர், வாழைப்பழம், ஆம்புலன்ஸ், மெடல் என்று மற்றதெல்லாமும் தலைக்கணக்குப் போட்டு ஏற்கெனவே பணம் கொடுத்து ஏற்பாடு செய்தவை. ஆறு நாள் இருக்கும்போது ஒருவர் விலகினால் இதில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது.

அதற்காக 'எக்காரணம் கொண்டும்' என்று எழுதிவிட்டால் அதுவே வேதவாக்கு ஆகிவிடாது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவரிடம் நியாயமான இழப்பீடுதான் வாங்கலாம் என்கிறது. எழுதி வைத்த தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், நேர்ந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற வகையில் வைக்கிறது. ஆக, நீங்கள் விலகியதால் அவர்களுக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்பதுதான் கேள்வி.

அதனால் அவர்களிடம் மெயிலில் இரண்டு விஷயம் கேளுங்கள். டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தது எந்தத் தேதியில்? காத்திருப்போர் பட்டியலிலிருந்து உங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்களா? இரண்டாவதுதான் முக்கியம். இடம் நிரம்பிய ஓட்டத்தில் உங்கள் இடத்தை இன்னொருவருக்கு விற்றிருந்தால், ஒரே இடத்துக்கு இரண்டு முறை காசு வாங்கியிருக்கிறார்கள். அங்கே உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. நீங்களே இரண்டு மாதம் முன்னால், எதுவும் அச்சாவதற்கு முன்னால் விலகியிருந்தால், பெரும்பகுதியைத் திருப்பிக் கேளுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

ஆறு நாள் என்பதால் என் யோசனை வேறு. பணத்துக்கு மல்லுக்கட்டாமல், டாக்டர் சீட்டை வைத்து அடுத்த வருடத்துக்கு இடத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கையிலிருந்து பணம் போகாது என்பதால் பலரும் இறங்கி வருவார்கள். அப்புறம் அந்த டி-ஷர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், அதற்கும் சேர்த்துத்தானே கட்டினீர்கள்? மெடல் வேண்டாம். ஓடாமல் வாங்கிய மெடல் அலமாரியில் இருந்து உறுத்திக்கொண்டே இருக்கும்.

பதிலே வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அமைப்பாளர் பெங்களூருக்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது என்று மட்டும் வாதாடுவதாக இருந்தால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 1,400 ரூபாய்க்காகச் சென்னைக்குப் பல முறை போய் வந்தால் பஸ் செலவே அதைத் தாண்டிவிடும்.

கேள்வி: மலைப்பாதையில் நடக்க வேண்டிய சைக்கிள் போட்டியை மழையால் ரத்து செய்துவிட்டார்கள். 'இயற்கைச் சீற்றம், பணம் திரும்பாது' என்கிறார்கள். நாம் விலகினாலும் திரும்பாது, அவர்கள் விலகினாலும் திரும்பாது என்றால் எப்படி?
- கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: நல்ல கேள்வி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் போட்டியை நிறுத்துவது தப்பே இல்லை. ஆனால் நடக்காத போட்டிக்கான பணம் யாரிடம் இருக்க வேண்டும் என்பது தனி விஷயம். யார் கையிலும் இல்லாத காரணத்தால் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமல் போனால், அதன் மூலம் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆவது பிரிவு. அமைப்பாளர் ஏற்கெனவே செய்த செலவைச் சொல்லிக் கொஞ்சம் பேரம் பேசுவார், அது இயல்பு. மொத்தத்தையும் விழுங்குவது வேறு.

இணையம் வழியாகப் பதிவு செய்திருந்தால் இன்னொரு பிடியும் உண்டு. 2020ஆம் வருட மின்வணிக விதிகளின்படி, தான் ஒருதலையாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்காத நிறுவனம், வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. மழையால் நிறுத்தியது ஒருதலையான ரத்து ஆகாது என்று அவர்கள் வாதிடலாம். கூட்டம் சேரவில்லை, ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்று நிறுத்தியிருந்தால் அந்த வாதம் நிற்காது. அதனால் ரத்துக்கு என்ன காரணம் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கொரோனா வந்த 2020இல் உலகப் பெரிய மாரத்தான்களே இதில் இரண்டாகப் பிரிந்தன. மார்ச் 1 அன்று டோக்கியோவில் முன்னணி வீரர்கள் மட்டும் ஓட, பொதுமக்களுக்கு அடுத்த வருட இடம் தந்தார்கள், கட்டிய பணத்தைத் தரவில்லை. பாஸ்டனில் மே மாதம் ரத்து என்று அறிவித்து, கட்டிய பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். நான் பாஸ்டன் பக்கம்.

கேள்வி: என்னால் ஓட முடியவில்லை. என் நம்பர் அட்டையை ஒரு நண்பர் பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
- சூரமங்கலம் வாசகர்

பதில்: அமைப்பாளரிடம் சொல்லிப் பெயரை மாற்றிவிட்டுத் தாராளமாகக் கொடுங்கள். சொல்லாமல் கொடுக்காதீர்கள். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்று எழுதக் கட்டம் இருக்கும். உங்கள் நண்பர் பதினைந்தாவது கிலோமீட்டரில் மயங்கி விழுந்தால், ஆம்புலன்ஸ்காரர் அதைப் பார்த்து உங்கள் வீட்டுக்குப் போன் போடுவார். நீங்களோ அந்த நேரம் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள். பெயர் மாற்ற நூறு, இருநூறு கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதை நண்பர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.