அமெரிக்காவில் வறட்சிக் காலத்தில் பண்ணைகளுக்கு அரசுப் பணம் எப்படிக் கிடைக்கிறது?

மேய்ச்சல் நிலம் காய்ந்துபோன கால்நடைப் பண்ணையாளருக்கு அமெரிக்க வேளாண்துறை ஒரு நிவாரணம் தருகிறது. மாதத் தீவனச் செலவில் சுமார் 60 சதவீதம். 2014 பண்ணைச் சட்டம் இதை நிரந்தரமாக்கியது.

வேடிக்கை என்னவென்றால், தகுதியை முடிவுசெய்வது தனி நிலமல்ல, கவுண்டி (அங்குள்ள மாவட்டம்). வியாழன்தோறும் வரும் வறட்சி வரைபடத்தில், மேய்ச்சல் பருவத்தில் கவுண்டியின் ஒரு மூலையில் சிவப்பு விழுந்தாலும் போதும். பண்ணை பண்ணையாக ஆளனுப்பி அளந்து முடிப்பதற்குள் மாடுகள் சந்தைக்குப் போயிருக்கும்! மழை விடுமுறை மாதிரிதான்: உங்கள் தெருவில் வெயிலடித்தாலும் மாவட்டத்துக்கே லீவு. எல்லைக்கு அந்தப்பக்கம் காய்ந்து கிடப்பவருக்கு ஒன்றும் வராமலும் போகலாம்.

‘பேரிடர் கவுண்டி’ என்று வேளாண் அமைச்சர் அறிவித்ததுமே பணம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அறிவிப்பால் முக்கியமாகக் கிடைப்பது அவசரக் கடன், திருப்பிக் கட்ட வேண்டியது.